அட்வைஸ் போதும், ஒத்திகை வேண்டும்!
(வளர் இளம் பிள்ளைகளுக்காக ஒரு புது வழி)



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, சந்தா, கடன் தவணை எல்லாம் முடிந்து நோட்டை மூடும்போதுதான் பிள்ளைகள் பேச்சு வரும். "பத்தாவதுல ஃபெயிலானதுல இருந்து பையன் வீடு தங்க மாட்டேங்கிறான்." "மில்லுக்கு ஆள் எடுக்கிறவர் வந்து பொண்ணைக் கேட்டுட்டுப் போயிருக்கார்." "அவளுக்குப் பதினாறுதான் ஆகுது, அதுக்குள்ள மாமன் வீட்டுல பேச்சை எடுத்துட்டாங்க." இப்படி ஒவ்வொருவரும் ஒன்று சொல்வீர்கள். "எவ்வளவோ எடுத்துச் சொல்லியாச்சு, காதுல ஏறவே மாட்டேங்குது" என்பதும் கூடவே வரும்.

குடி கெட்டது, படிப்பு நல்லது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாததில்லை. கூட்டாளி பாட்டிலை நீட்டும் அந்த ஒரு நிமிஷத்தில், என்ன சொல்லி மறுப்பது என்பதுதான் தெரிவதில்லை. "வேண்டாம்" என்று சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். சைக்கிள் ஓட்டுவதைப் போல அதுவும் செய்து பார்த்தால்தான் வரும்.

அந்தப் பழக்கத்தைத் தருவதற்கு இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்யலாம். ஒன்று, சக வழிகாட்டி. மற்றொன்று, எழுதி வைக்காத நாடகம்.

சக வழிகாட்டி என்றால் யார்?

இரண்டு மூன்று வயது மூத்த, அதே ஊர் அக்காவோ அண்ணனோதான். நாம் சொன்னால் "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று நினைக்கிற பிள்ளை, நேற்று அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர் சொன்னால் கேட்கும். அரசும் 2014ல் தொடங்கிய தேசிய வளர் இளம் பருவ நலத் திட்டத்தில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக ஊரிலேயே சகக் கல்வியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் மார்க் வாங்கிய பிள்ளையைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. ஃபெயிலாகி, துணைத் தேர்வு எழுதி மேலே வந்த பெண் அதைவிடப் பொருத்தமானவள். கீழே விழுந்தவர் எப்படி எழுந்தார் என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

எழுதி வைக்காத நாடகம்

வசனம் எழுதி மனப்பாடம் செய்து மேடையேற்றும் நாடகம் இல்லை இது. ஒரு சூழ்நிலையை மட்டும் சொல்லிவிட்டு, வாயில் வருவதை அப்போதே பேசி நடிப்பது. அமெரிக்காவின் சிகாகோ நகரில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் விளையாட்டு மூலமாகவே நடிப்பு சொல்லிக்கொடுத்தார். கூச்சம் போவதற்கு முதலில் விளையாட்டு, அப்புறம்தான் நடிப்பு.

அடுத்தது, பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் (1931–2009). 1973ல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் அவர் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண் ஒருவர் தன் கஷ்டத்தை அவரிடம் சொன்னார். கணவர் சில காகிதங்களைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தார். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டியபோது அவையெல்லாம் வேறொரு பெண் எழுதிய காதல் கடிதங்கள்! இனி என்ன செய்வது? அதையே நாடகமாக நடித்தார்கள். கூட்டம் யோசனை சொல்லச் சொல்ல நடிகர்கள் செய்து காட்டினார்கள். ஆனால் பார்வையாளர்களில் ஓர் அம்மாவுக்கு எதுவும் திருப்தி இல்லை. "அப்ப நீங்களே வந்து செஞ்சு காட்டுங்க" என்று போவால் அவரை மேடைக்கே அழைத்தார். அந்த அம்மா துடைப்பத்தோடுதான் பேச்சைத் தொடங்கினாராம்!

பார்க்கிறவரே எழுந்து வந்து நடிக்கிற இந்த முறைக்கு மன்ற நாடகம் என்று பெயர். மேற்கு வங்கத்தில் 1985ல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி அமைப்பு இதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. வரதட்சணை, கள்ளச்சாராயம் போன்றவற்றை நாடகமாக்கி, ஊர் மக்களையே மேடையேற்றியது.

நம் ஊரில் எப்படிச் செய்வது?

1. சமுதாயக் கூடமோ மரத்தடியோ போதும். பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளும் இரண்டு வழிகாட்டிகளும் இருந்தால் சரி.

2. கண்ணாடி விளையாட்டில் தொடங்குங்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடியில் தெரிவது போல அப்படியே செய்ய வேண்டும். சிரிப்பு வந்துவிட்டால் கூச்சம் போய்விடும்.

3. வழிகாட்டிகள் ஐந்து நிமிஷக் காட்சி ஒன்றை நடிக்கட்டும். உதாரணமாக, பதினாறு வயதுப் பெண்ணுக்கு வரன் வருகிறது. அப்பா, மாமா, அம்மா, அந்தப் பெண் நான்கு பேரும் இருக்கிறார்கள். "பேசி முடிச்சாச்சு" என்று அப்பா சொல்வதோடு காட்சி முடிகிறது.

4. அதே காட்சியை மறுபடி நடியுங்கள். இந்த முறை யார் வேண்டுமானாலும் கைதட்டி "நிறுத்து" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் இடத்துக்கு வரலாம். ஒருத்தி அழுது பார்ப்பாள். ஒருத்தி, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிய வேண்டும் என்கிற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்வாள். இன்னொருத்தி டீச்சரைக் கூட்டிவருவாள். அப்பாவாக நடிப்பவர் சுலபமாக விட்டுக்கொடுக்கக் கூடாது, வீட்டு அப்பா போலவே பேச வேண்டும்.

5. "அப்பா உடனே மனசு மாறிட்டார்" என்று யாராவது முடித்தால், "இது நடக்கிற காரியமா?" என்று மற்றவர்கள் கேட்கலாம். நடக்கக்கூடிய வழி எது என்று பேசிப் பாருங்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண் எவ்வளவுதான் பேசினாலும், பக்கத்தில் அம்மா தலைகுனிந்து நின்றால் காட்சி அதே இடத்தில்தான் நிற்கும். "நான் அம்மாவா வர்றேன்" என்று ஒரு பிள்ளை எழுந்து வந்து, "படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் பேச்சு வேண்டாம்" என்று சொன்னால்தான் கதை திரும்பும். பிள்ளைகள் நம்மிடம் எதிர்பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அதைச் சொல்ல நமக்கும் ஒத்திகை வேண்டாமா, சகோதரிகளே?

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

எந்தப் பிள்ளையையும் அதன் சொந்தக் கதையை எல்லார் முன்னாலும் நடிக்கச் சொல்லக் கூடாது. ஊர் வேறு, பெயர் வேறு என்று மாற்றித்தான் காட்சி அமைக்க வேண்டும். நடிக்க விருப்பமில்லாத பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கட்டும், வற்புறுத்த வேண்டாம். அங்கே கேட்டதை டீக்கடையிலோ குழாயடியிலோ பேசவே கூடாது.

வழிகாட்டியும் சின்னப் பிள்ளைதான். ஊர்ப் பாரத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றிவிடக் கூடாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு பெரியவர் வழிகாட்டிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அடி, பாலியல் தொல்லை, "செத்துடலாம் போல இருக்கு" என்ற பேச்சு, நிச்சயமாகிவிட்ட குழந்தைத் திருமணம் இவற்றில் எது காதில் விழுந்தாலும் ரகசியம் என்று வைத்திருக்கக் கூடாது. உடனே பொறுப்பான பெரியவரிடம் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம்.

நாடகம் போட்டதும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. மில்லுக்கு அனுப்ப நினைக்கிற வீட்டில் பணக் கஷ்டம் இருக்கும். அந்த இடத்தில் குழுவின் உள்கடன்தான் உதவும். பேசுகிற தைரியத்தைப் பிள்ளைக்கு நாடகம் தரும். அந்தப் பேச்சு எடுபட நாம் பின்னால் நிற்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு:

* நம் ஊரில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார், யார்?
* வழிகாட்டியாக வரக்கூடிய இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள் யார்?
* மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை இடம் தர யாரால் முடியும்?

ஊக்குநர்கள் இதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதல் கண்ணாடி விளையாட்டை ஆட நாங்களும் வருகிறோம்.