நழுவலும் சாய்வும்: சிறு விசைப்படகின் உந்துவிசிறி

நீரில் சுழலும் உந்துவிசிறி, தான் தள்ளும் நீரையே பிடிமானமாகக் கொண்டு படகை முன்செலுத்துகிறது. அப்பிடிமானமோ நிலையற்றது, தள்ளத் தள்ளப் பின்வாங்குவது. ஆகவே விசிறி கணக்குப்படி கடந்திருக்க வேண்டிய தொலைவுக்கும் படகு உண்மையில் கடந்த தொலைவுக்கும் எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அதுவே நழுவல். விசைப்படகு வைத்திருப்போர் பலர் நழுவலைப் பழுதென்று கருதி, அதை அறவே ஒழிக்க எண்ணி விசிறிமேல் விசிறியாக மாற்றுகின்றனர். நழுவல் பழுதன்று, உந்துவிசை பிறப்பதற்கு நீர் கேட்கும் விலை. அதன் இயல்பான அளவை அறிந்தவர்க்கு, படகின் குறை எங்கே உள்ளது என்று காட்டும் அளவுகோலும் அதுவே.

நழுவல் ஏன் வேண்டும்?

உந்துவிசிறியில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று விட்டம், மற்றொன்று புரியிடை. மரையாணியில் மரை ஏறுவதுபோல் சிறிதும் வழுக்காமல் விசிறி சுழன்றால், ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்பதே புரியிடை. ஆனால் நீர் இரும்பன்று. விசிறியின் இதழ், எதிர்வரும் நீரை ஒரு சிறு கோணத்தில் சந்திக்கும்போதுதான் அதன் முன்முகத்தில் அழுத்தம் குறைந்து, பின்முகத்தில் மிகுந்து, உந்துவிசை தோன்றுகிறது. அக்கோணத்தைத் தருவது நழுவலே. நழுவல் முற்றும் நீங்கினால் விசையும் ஏறக்குறைய நீங்கிவிடும். மறுமுனையில், கரையில் கட்டிய படகின் பொறியை முடுக்கினால் நழுவல் 100 விழுக்காடு. படகு நகர்வதில்லை, கயிறு மட்டும் விறைக்கிறது.

நீளமான திருகு நீரை இறுகப் பற்றும் என்று தொடக்கக் காலத்தவர் நம்பினர். 1836-இல் திருகு உந்திக்குக் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத்திருகைப் படகில் பொருத்தி ஓட்டினார். 1837-இல் இலண்டனின் பாடிங்டன் கால்வாயில் அத்திருகின் ஒரு பாதி உடைந்து போயிற்று. படகு தளரவில்லை, முன்னினும் விரைந்து ஓடியது. முதற்சுற்று ஏற்கெனவே தள்ளிவிட்ட நீரில் இரண்டாம் சுற்று வீணே உராய்ந்துகொண்டிருந்தது என்பதே காரணம். நீரைப் பற்றும் பரப்பை மட்டும் பெருக்குவதால் பயனில்லை என்பதை அவ்வுடைவு காட்டிற்று.

கணக்கிடும் முறை

நழுவலைக் கண்டறிய நான்கு எண்கள் போதும்: பொறியின் சுழற்சி, பற்சக்கரக் குறைப்பு விகிதம், விசிறியின் புரியிடை, படகின் உண்மையான விரைவு. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் படகொன்றின் பின்முனையில், வெளியே மாட்டும் 90 குதிரைத்திறன் கொண்ட புறப்பொறி பூட்டியிருப்பதாகக் கொள்வோம். பொறி மணித்துளிக்கு 5500 சுற்று சுழல்கிறது. குறைப்பு விகிதம் 2. ஆகவே விசிறிக்கு 2750 சுற்று. புரியிடை 17 அங்குலம், அதாவது 43.18 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் படகு மணிக்கு 71.2 கி.மீ. செல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி 62 கி.மீ. என்று காட்டினால், குறைவு 9.2 கி.மீ.; நழுவல் 13 விழுக்காடு.

எடை குறைந்த, நீர்மேல் சறுக்கி ஓடும் படகுகளுக்கு 10 முதல் 15 விழுக்காடு இயல்பானது. பளு மிக்க படகுகளில் 20-ஐத் தாண்டுவதும் உண்டு. அளவு எடுக்கும்போது அமைதியான நீரில், முழு முடுக்கத்தில், விரைவு நிலைபெற்ற பின்னரே எடுக்க வேண்டும். நீரோட்டம் ஏமாற்றாதிருக்க, எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிச் சராசரி காண்பது நன்று. விடை சுழிக்கும் கீழே இறங்கினால் வியப்படைய வேண்டா. குறைப்பு விகிதமோ சுழற்சிமானியோ தவறாக இருக்கும், அல்லது இதழின் விளிம்பு வளைக்கப்பட்டு, பொறித்த எண்ணைவிடப் புரியிடை மிகுந்திருக்கும்.

எண் சொல்லும் செய்தி

படகு விரைவிழந்துவிட்டது என்பது ஒரே முறையீடு. அதன் காரணங்களோ பல. சுழற்சியையும் நழுவலையும் சேர்த்துப் பார்த்தால் அவை தனித்தனியே பிரிந்துவிடும்.

சுழற்சியும் விரைவும் ஒருங்கே குறைந்து, நழுவல் மட்டும் பழைய அளவிலேயே நின்றால், விசிறியில் குறையில்லை. பொறியின் ஆற்றல் குன்றியிருக்கிறது. எரிபொருள் வழியையும் தீப்பொறிச் செருகியையும் ஆராய வேண்டும். சுழற்சி குறைந்து, நழுவல் ஏறியிருந்தால், படகை நீர் பிடித்திழுக்கிறது: அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கலாம், மிகுபளு ஏறியிருக்கலாம், அடித்தட்டுக்குள் நீர் தேங்கியிருக்கலாம். சுழற்சி ஏறி, விரைவு குறைந்தால், விசிறி நீரைப் பற்றவில்லை. நம் படகில் சுழற்சி 5800-க்கு ஏறியும் விரைவு 54 கி.மீ.தான் எனில், நழுவல் 28 விழுக்காடாகிவிட்டது.

இந்த மூன்றாம் நிலைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, விசிறிக்குள் காற்றுப் புகுதல். பொறி மிக உயரத்தில் மாட்டப்பட்டிருந்தாலும், விசிறி படகைவிட்டு விலகும்படி மிகையாக வெளிச்சாய்த்திருந்தாலும், விசிறிக்கு நேர்முன்னே அடித்தட்டில் ஏதேனும் துருத்திக்கொண்டு நீரோட்டத்தைக் கலைத்தாலும், மேற்பரப்புக் காற்று இதழ்களை வந்தடையும். விசிறியின் நடுக்குழல் வழியே புகைபோக்கும் அமைப்பில், குழலின் பின்விளிம்பு சிதைந்திருந்தால் அப்புகையே இதழ்களுக்குத் திரும்பும். விசிறிக்கு மேலுள்ள கிடைத்தகடு இக்காற்றைத் தடுப்பதற்கென்றே அமைந்தது. அது அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், படகடியின் மட்டத்திலோ, அதற்குச் சற்று மேலோ இருப்பது பொதுவான தொடக்க நிலை.

மற்றொன்று, விசிறியின் நடுக்குடத்தினுள் இருக்கும் ரப்பர் உறை வழுக்குதல். பாறையில் மோதும்போது பற்சக்கரங்களைக் காக்கவே அவ்வுறை வைக்கப்படுகிறது. அது தளர்ந்தால் மெல்ல ஓட்டும்போது குறை தெரியாது. முடுக்கியதும் பொறி இரைந்து சுழலும், படகு விரையாது. உள்ளுறையையும் வெளிக்குடத்தையும் இணைத்து வண்ணத்தால் ஒரு கோடிட்டு, ஓட்டிவந்து பார்த்தால் போதும். கோடு பிரிந்திருந்தால் உறை வழுக்குகிறது.

காற்றுப் புகுதலோடு பலர் குழப்பிக்கொள்ளும் வேறொரு நிகழ்வு, நீர் தானே ஆவியாதல். இதழின் முன்முகத்தில் அழுத்தம் மிகத் தாழ்ந்தால், சூடின்றியே நீர் கொதிக்கும். 30 பாகை செல்சியசில், வளிமண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ 24-இல் ஒரு பங்குக்கு அழுத்தம் இறங்கும்போது இது நிகழும். அக்குமிழிகள் உடையும் இடத்தில் உலோகம் அரிக்கப்பட்டுக் குழிகள் விழுகின்றன. 1894-இல் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸின் ‘டர்பினியா’ கப்பல் எதிர்பார்த்த விரைவை எட்டாமல் தடுத்தது இதுவே. அவர் ஒற்றைத் தண்டை நீக்கி, மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பொருத்திப் பளுவைப் பகிர்ந்தார். 1897-இல் அக்கப்பல் மணிக்கு ஏறத்தாழ 34 கடல்மைல் விரைவில் ஓடியது. சிறுபடகில் இதழோரம் நசுங்கியிருப்பதே இத்தகைய கொதிப்புக்குப் பெரும்பாலும் காரணம். சுழற்சி திடீரெனப் பாய்ந்தால் காற்றையும், இதழில் அரிப்பு கண்டால் கொதிப்பையும் ஐயுற வேண்டும்.

சாய்வின் பங்கு

விசிறி உந்தும் திசையைத் தீர்மானிப்பது பொறியின் சாய்வு. உட்சாய்த்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, தாழும். நனையும் பரப்பு பெருகி விரைவு குறையும். அணியம் நீரை உழுது, சுக்கான் பிடிக்குக் கடுமை சேர்க்கும். வெளிச்சாய்த்தால் அணியம் எழும். நனையும் பரப்பு சுருங்கி, அதே சுழற்சியில் விரைவு கூடும். எல்லை கடந்தால் அணியம் எழுந்தும் விழுந்தும் துள்ளத் தொடங்கும். விசிறி மேற்பரப்பை அணுகிக் காற்றை உறிஞ்சும். ஆகவே புறப்படும்போது முழுதும் உட்சாய்த்து, படகு சறுக்குநிலை அடைந்தபின் சிறிது சிறிதாக வெளிச்சாய்த்து, விரைவு மேலும் ஏறாத இடத்தில் நிறுத்துவதே முறை. திருப்பங்களில் சற்று உட்சாய்த்துக்கொள்ள வேண்டும்.

உரிய சாய்விலும் துள்ளல் ஓயாவிட்டால், எடை அமரத்தில் குவிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிபொருட் கலனையோ மின்கலத்தையோ பயணியரில் சிலரையோ முன்னே நகர்த்தினாலே பல படகுகள் அடங்கிவிடும். அடங்காதபோது அடித்தட்டை நோக்குக. அமரத்துக்கு முன்னுள்ள ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் நேராக இருக்க வேண்டும். நேர்ச்சட்டம் ஒன்றை நெடுக்காக வைத்தால் குறை தெரியும். அங்கே அடித்தட்டு வெளிப்புறம் புடைத்திருந்தால் அணியம் எழுந்து துள்ளும். உட்குழிந்திருந்தால் அணியம் அமிழ்ந்தே ஓடும். பொருந்தாத தாங்கிகள் மேல் நெடுங்காலம் கிடந்த படகுகளில் இக்கோணல் நேர்வதுண்டு. இதை எவ்விசிறியாலும் திருத்த இயலாது.

ஒழுங்கே மருந்து

பெரும்பாலோர் முதலில் கைவைப்பது விசிறியில். அதுவோ கடைசியாக மாற்ற வேண்டியது. எடைப்பகிர்வு, அடிப்புறத் தூய்மை, பொறியின் உயரம், சாய்வு ஆகியவை சீரான பின்னும் முழு முடுக்கத்தில் பொறி தனக்கு வகுக்கப்பட்ட சுழற்சி எல்லையை எட்டவில்லை அல்லது தாண்டுகிறது எனில், அப்போதே புரியிடையை மாற்ற வேண்டும். புரியிடையில் ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை ஏறும். கூட்டினால் அந்த அளவு இறங்கும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றியவர், படகு திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று அறியார்.

இவையனைத்துக்கும் அடிப்படை, படகு நலமாக ஓடும் நாளிலேயே சுழற்சி, விரைவு, ஏற்றிய பளு, சாய்வு, நழுவல் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைப்பது. 13 விழுக்காடு இயல்பு என்று எழுதிவைத்தவர்க்கே 28 என்பது செய்தியாகும். எழுதாதவர்க்கு அது வெறும் எண். அந்த ஏடு வீண் செலவையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும். கரை தொலைவில் இருக்கும்போது பொறி இரைந்தும் படகு நகராத இடர் நேருமுன்னே, அதன் முதல் அறிகுறியையும் அந்த ஏடே காட்டிக்கொடுக்கும்.