பழைய லாண்ட் றோவர் வாங்குமுன்

கோயிலுக்கு வரும் நம் இளைஞர் சிலருக்கு, குடும்பத்துடன் வேல்ஸ் மலைகளுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் போய்வரப் பழைய லாண்ட் றோவர் ஒன்று வாங்கும் ஆசை வந்திருக்கிறது. மலைநாட்டில் தோட்டத்துரைமார் ஓட்டிய வாகனம் என்று தகப்பன்மாருக்கும் அதில் ஒரு மயக்கம். வாங்கட்டும். ஆனால் அடியைப் பார்த்து வாங்கட்டும்.

இவ்வாகனம் 1948 ஏப்ரிலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. போருக்குப் பின் உருக்குக்குப் பங்கீடு இருந்தபடியால் மேற்கூட்டைப் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தில் செய்தார்கள். அடிச்சட்டம், அதாவது சசி, உருக்கு. சோலிஹல் தொழிற்சாலையில் 2016 ஜனவரி 29 அன்று கடைசிப் பழைய டிஃபென்டர் வெளிவரும்வரை இந்த முறையே நீடித்தது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. அலுமினியம் உருக்கைப்போல் கறள் கட்டாது. கழுவி மெருகிட்டால் பளபளக்கும். கீழே சசி உக்கிக் கிடக்கும். தோலைப் பார்த்து எலும்பின் நிலையைச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது.

சசி உள்ளே வெறுமையான பெட்டி வடிவம் கொண்டது. சேறும், பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே பழைய உடுப்புடன் செல்லுங்கள். ரோர்ச் லைட்டும் சிறு சுத்தியலும் கொண்டுபோங்கள். உரியவரிடம் கேட்டுக்கொண்டு, படுத்துத் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும்; உக்கியது மந்தமாக ஒலிக்கும். பின்முனைக் குறுக்குச்சட்டம், சசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், முன்னாசனத்தில் கால் வைக்கும் இடம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். புதிதாகத் தடிப்பான கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். தட்டவே விடாத விற்பனையாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். மெதுவோட்டக் கியர் விழுகிறதா, முன்சில்லுகளின் உட்பக்க உருண்டையில் ஒயில் கசிகிறதா என்பதையும் பாருங்கள். சிறிது கசிவு இவ்வாகனத்தின் பிறவிக்குணம், சொட்டுவது வேறு.

பத்திரங்களில், சசியில் பொறித்த இலக்கமும் லொக் புத்தகத்தின் இலக்கமும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. திருட்டு லாண்ட் றோவர்கள் இந்நாட்டில் குறைவல்ல. வாகனப் பதிவிலக்கத்தைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.ரி. பரிசோதனை முடிவுகளை அரசாங்க இணையத்தளம் இலவசமாகக் காட்டும். ஆண்டுதோறும் "கறள்" என்ற குறிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

லண்டன்வாசிகளுக்கு இன்னொன்று. 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் கட்டணம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். டீசல் வாகனம் யூரோ 6 தரத்தில் இருக்கவேண்டும். பழைய டிஃபென்டர் டீசல்கள், கடைசி ஆண்டு வந்தவை உட்பட, அத்தரம் அல்ல. நாற்பது ஆண்டு கடந்து, சரித்திர வாகனம் என வரிவகுப்பில் பதிந்தவற்றுக்கு விலக்குண்டு. வாரம் இருமுறை கோயிலுக்கு வருபவர் ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

பல பழைய வண்டிகளில் பின்னாசனங்கள் பக்கவாட்டில், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அவற்றில் குழந்தை ஆசனம் பொருத்தச் சட்டம் இடங்கொடாது. பிள்ளைகளுக்கோ 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பொதுவாக அது கட்டாயம். எனவே சிறுபிள்ளைகள் உள்ளவர்கள், பின்னாசனங்கள் முன்னோக்கியவையா, பட்டிகள் உண்டா என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.