குழந்தை வந்த வீட்டில் நாய்

வீட்டில் ஒரு குழந்தை பிறந்தவுடன், அதுவரை அவ்வீட்டின் செல்லப்பிள்ளையாக விளங்கிய நாயின் நிலை மாறிவிடுகின்றது. சில மாதங்களுக்குள் "நாயை எங்கேயாவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுகின்றது. டில்லி போன்ற மாநகரில், அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டு அறைகளுக்குள் கைக்குழந்தையும் நாயும் ஒருங்கே வாழ வேண்டியிருக்கும்போது, அப்பேச்சு விரைவிலேயே முடிவாகவும் ஆகிவிடுகின்றது. அதற்குக் கூறப்படும் காரணங்களுள் எவை உண்மையான ஆபத்துகள், எவை வெறும் அச்சங்கள் என்பதைப் பற்றி விஞ்ஞானம் சொல்லக்கூடியது மிகுதி. நாயைப் பிரிந்தே தீர வேண்டிய வீடுகளும் சில உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வீடுகளில் நாய் எவ்வாறு பிரிக்கப்படுகின்றது என்பதில்தான் அதன் உயிர் அடங்கியிருக்கின்றது.

முதலில் மூச்சு நோய் பற்றிய அச்சத்தைப் பார்க்கலாம். நாயின் முடி குழந்தையின் மூச்சிற் கலந்து இழுப்பு நோயை உண்டாக்கும் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் உண்மையில் முடி அன்று. நாயின் உமிழ்நீரிலும் தோற் பொடுகிலும் உள்ள சில புரதங்களே அவை. ஸ்வீடன் நாட்டில் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் வயதில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளிடையே, பள்ளிப் பருவத்தில் ஆஸ்துமா ஏற்படுவது ஏறத்தாழ 13 சதவீதம் குறைவாகவே இருந்தது. பின்லாந்தில் 397 குழந்தைகளைப் பிறந்தது முதல் ஓராண்டுக் காலம் கவனித்த மருத்துவர்கள், நாயுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குச் சளியும் காதுநோயும் குறைவாகவே வந்தன என்று 2012இல் அறிவித்தனர். இவை தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை நிறுவுவன அல்ல. எனவே, இழுப்பைத் தடுக்கும் மருந்தென்று எண்ணி எவரும் நாய் வாங்க வேண்டியதில்லை. ஆயினும் இழுப்புக்கு அஞ்சி இருக்கும் நாயை விரட்டுவதற்கு இவ்வாராய்ச்சிகளில் ஆதாரமில்லை. டில்லியின் மார்கழிப் புகைமூட்டத்தைச் சுவாசிக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு நாயைக் காட்டிலும் பெரிய பகைவர்கள் இருக்கின்றனர்.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றிய அச்சம் இத்தகையதன்று. அந்நோய் கண்டபின் பிழைத்தவர் மிகச் சிலரே. மேலும், 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தை நாள்தோறும் வயிற்றில் குத்திக்கொண்ட காலம் இந்தியாவில் 2005ஆம் ஆண்டளவில்தான் முடிவுற்றது. அந்த ஊசிகளின் நினைவு மறையாத பாட்டிமார் நாயைக் கண்டு கலங்குவதில் வியப்பில்லை. ஆனால் மூன்று மாதக் குட்டியாயிருக்கும்போது முதல் ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் மறு ஊசியும் போடப்பெற்று, தெருவில் தனியே திரியாத நாயிடம் இந்நோய் தோன்றும் வாய்ப்பு மிக அரிது. எந்த நாய் கடித்தாலும், அல்லது குழந்தையின் புண்பட்ட தோலை நக்கினாலும், அவ்விடத்தைச் சோப்பு நீரால் கால்மணி நேரம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வீட்டு நாய் என்பதற்காக இதில் விலக்கு இல்லை.

நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் விழுந்து, சில வாரங்கள் கிடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகின்றன. எனவே தரையில் தவழ்ந்து மண்ணை வாயில் இடும் குழந்தைக்குப் பூங்கா மண்ணே அபாயமாகும். கால்நடை மருத்துவர் குறிக்கும் நாட்களில் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதும், கழிவை அன்றன்றே அகற்றுவதும் இதற்குப் போதும். கர்ப்பிணிகள் அஞ்சும் டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமியின் முட்டைகளைக் கழிவில் வெளியிடுவது பூனை இனமே. இவ்விஷயத்தில் நாய் வீண்பழி சுமக்கின்றது.

எஞ்சி நிற்பது பல். இதுவே உண்மையான ஆபத்து. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், குழந்தைகளைக் கடித்த நாய்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்குகின்றது. சிறு குழந்தைகள் பெரும்பாலும் கடிபட்டது அறிமுகமான நாயிடம். அதுவும் நாய் தன் உணவையோ தன் பொருளையோ காத்துக்கொண்டிருந்த வேளையில். கடித்த நாய்களிற் பெரும்பாலானவை அதற்குமுன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. பலவற்றின் உடலில் நோவு தரக்கூடிய நோய்களும் காணப்பட்டன. "எங்கள் நாய் கடிக்காது" என்ற சொல் எவ்வளவு பலவீனமானது என்பது இதனால் விளங்கும்.

குழந்தைக்குக் காவலாக வைத்த கீரியைப் பாம்பின் இரத்தக் கறையுடன் கண்ட தாய், அது தன் பிள்ளையைக் கொன்றதென்று எண்ணி அடித்துக் கொன்ற கதை தமிழர் அறியாததன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அது இடம்பெற்றுள்ளது. இக்கதை மேற்கே பயணம் செய்தபோது கீரி நாயாக மாறிற்று. வேல்ஸ் நாட்டில் கெலர்ட் என்னும் நாயின் கல்லறையென்று ஓர் இடத்தையே இன்றும் காட்டுகின்றனர். கதை கேட்போர் தாயின் அவசரத்தையே குறை கூறுவர். கால்நடை மருத்துவரோ, குழந்தையைப் பிராணியுடன் தனியே விட்டுச் சென்றதையே முதற் பிழையாகக் கொள்வார்.

நாயின் மூக்கில் இருபது கோடிக்கு மேற்பட்ட மோப்ப உயிரணுக்கள் உள்ளன என மதிப்பிடப்படுகின்றது. மனிதனுக்கு இருப்பவை ஏறத்தாழ ஐம்பது லட்சம். மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வுகள்; நாய்க்கு அது சுமார் 45,000. இத்தகைய புலன்களையுடைய பிராணிக்கு, பால் மணமும் புதிய குரலும் மாறிய உணவு வேளையும் ஒரே நாளில் வந்து சேர்வது சிறிய மாறுதல் அன்று. டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இம்மாறுதல் இரட்டிப்பாகின்றது. வளைகாப்பு முடிந்ததும் கர்ப்பிணி தாய்வீட்டிற்குப் பயணமாகிறாள். நாய் கணவனுடன் டில்லியிலேயே தங்கிவிடுகின்றது. நாள்தோறும் சோறு வைத்தவள் ஒருநாள் மறைகிறாள். ஐந்தாறு மாதங்களுக்குப் பின் கையில் அழும் உயிரொன்றுடன் திரும்பி வருகிறாள். துணைக்கு வந்த மாமியாரோ, நாயைப் பழகியறியாதவர். அன்று முதல் நாய் தாழ்வாரத்தில் கட்டப்படுகின்றது. குழந்தை வந்தால் கட்டு, குழந்தை உறங்கினால் விடுதலை என்ற பாடத்தை அது சில நாட்களில் கற்றுக்கொள்கின்றது. பொறாமை என்று வீட்டார் கூறுவது பெரும்பாலும் இவ்வாறு கற்பிக்கப்பட்டதே.

மாற்றங்களை முன்கூட்டியே, சிறிது சிறிதாகச் செய்தால் இந்நிலை தவிர்க்கப்படும். படுக்கையை இடம் மாற்றுதல், உலாவும் வேளையை மாற்றுதல், குழந்தை அழுகையின் ஒலிப்பதிவை மெல்லிய ஒலியில் கேட்கச் செய்தல், அறைவாயிலில் தடுப்புக் கதவு அமைத்தல் ஆகியவை பிரசவத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியவை. குழந்தையைச் சுற்றிய துணியைத் தாய்வீட்டிலிருந்து முன்னதாகவே அனுப்பி நாய்க்கு மோந்து பார்க்கக் கொடுப்பதும் நல்லது. வந்தபின், குழந்தை அருகிலிருக்கும் வேளையிலேயே நாய்க்குத் தின்பண்டமும் அன்பான சொல்லும் கிடைக்கவேண்டும்.

பிறந்த நாளைவிடக் கவனிக்க வேண்டிய நாள் ஒன்றுண்டு. அது குழந்தை தவழத் தொடங்கும் நாள். ஏழு முதல் பத்து மாதத்திற்குள் அது நாயின் உணவுத் தட்டை நோக்கிச் செல்லும், வாலைப் பற்றும், உறங்கும் நாயின்மீது ஏறும். அப்போது நாய் முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், உடல் விறைத்தல், விழியின் வெண்மை தோன்ற ஓரப்பார்வை பார்த்தல் ஆகியவற்றால் தன் சங்கடத்தைத் தெரிவிக்கின்றது. இவை கவனிக்கப்படாதபோது உறுமுகின்றது. உறுமியதற்காக நாயை அடிப்பவர், அபாயமணியின் நாவை அறுப்பவருக்கு ஒப்பாவர். அந்நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

உணவைக் காத்துக் கடிக்கும் பழக்கமுள்ளதும், தனி இடம் ஒதுக்கி வைக்க இயலாத சிறு வீட்டில் இருப்பதுமான நாயைத் தக்க பயிற்சியாளரும் மருத்துவரும் பார்த்த பின்னரும் ஆபத்து நீங்கவில்லையென்றால், அதைக் குழந்தையில்லாத வேறு வீட்டில் சேர்ப்பதே முறை. அங்கே தயக்கம் காட்டுவது இரக்கமாகாது. சேரும் வீட்டாரிடம் அப்பழக்கத்தை ஒளிக்காமற் சொல்லவும் வேண்டும். ஆனால் நேரமின்மையும் களைப்பும் காரணமாயின், நாயை உலாவ அழைத்துச் செல்ல ஓர் ஆளை அமர்த்துவதால் தீரக்கூடிய சங்கடத்திற்கு நாயையே இழப்பது மிகையான விலையாகும்.

வீடு மாறுதல் நாயின் உடலில் எவ்வளவு தூரம் பதிகின்றது என்பதை அளந்தே பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னசியும் அவரது குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காப்பகத்திற்கு வந்த நாய்களின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் முதல் மூன்று நாட்களில், தம் வீடுகளிலேயே இருக்கும் நாய்களுக்கு உள்ளதைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு காணப்பட்டது. நெருக்கடியில் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் பொருள் அது. உண்ண மறுத்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாயை மனம் உடைந்த நாய் என்று பாமரர் கூறுவது வெறும் கற்பனையன்று.

காப்பகத்திலாவது கூரையும் உணவும் உண்டு. டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தின் அடியில் 1979இல் தோன்றிய ஃபிரண்டிகோஸ், ராஜா கார்டனில் 1980இல் தொடங்கிய சஞ்சய் காந்தி பிராணிகள் பராமரிப்பு நிலையம் போன்றவை டில்லியில் பெயர்பெற்றவை. இத்தகைய இடங்களுக்கு வரும் நாய்களிற் பெரும்பகுதி அடிபட்டவையும் நோயுற்றவையுமே; அவற்றினிடையே தடுப்பூசியற்ற வீட்டு நாயை விடுவது தொற்றுநோய்க்கு இரையிடுவதாகும். தெருவிலோ பூங்காவிலோ விடப்பட்ட நாயின் கதி இதனினும் கொடிது. டில்லித் தெருக்கள் ஒவ்வொன்றும் ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லை. அந்நிய நாய் நுழைந்தால் அக்கூட்டம் பொறுப்பதில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்த அடர்ந்த மயிருடைய இனங்கள், 45 டிகிரி வரை ஏறும் டில்லி வெயிலில் நீரின்றிச் சில மணி நேரம் தாங்குவதே அரிது.

இவ்வாறு கைவிடுவது குற்றமுமாகும். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில் குற்றமெனக் குறிக்கின்றது. இச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் வாதாடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த இந்தியப் பிராணி நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆயினும் முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. குற்றவாளி வீடு திரும்பும் ஆட்டோ ரிக்ஷாவுக்குக்கூட அத்தொகை போதுமா என்பது ஐயமே. டில்லித் தெருநாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22இல் பிறப்பித்த ஆணை, தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மீண்டும் தெருவிற்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்புடையவர் என்று கூறிற்று. தெருவிலிருந்து எடுத்த நாய்க்கே இது விதியாயின், வீட்டிற் பிறந்து வளர்ந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

புதிய வீட்டைத் தேடிப் பிடித்த பின்னும் ஒரே நாளில் ஒப்படைப்பது தவறு. புதியவர் பலமுறை வந்து பழகவேண்டும்; தம் கையால் உணவளிக்கவேண்டும்; நாயை அழைத்துக்கொண்டு உலாவவேண்டும். பிறகு ஓரிரு மணி நேரம் அவ்வீட்டிலும், அதன்பின் ஓர் இரவும் தங்கச் செய்யலாம். பழைய படுக்கையைத் துவைக்காமலே அனுப்புவது நலம். அறிந்த மணம் அதிலேயே இருக்கின்றது. ஊரிலுள்ள உறவினரிடம் சேர்ப்பதாயின், டில்லியிலிருந்து சென்னை வரை ரயிலில் ஏறத்தாழ 33 மணி நேரப் பயணம் என்பதை மறத்தலாகாது. முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் பதிவு செய்தவர் நாயை உடன் கொண்டு செல்லலாம். கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியிற் கோடைக்காலத்தில் அனுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

மொழியையும் கவனிக்கவேண்டும். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 18 நாய்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த லாரா குவாயாவும் அவருடைய குழுவினரும், பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை வேறுபடுத்தி அறிகின்றது என்று 2022இல் வெளியிட்டனர். "உட்கார்", "வா", "வேண்டாம்" என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்த நாய் ஹிந்தி பேசும் வீட்டிற்குச் செல்லுமானால், அச்சொற்களை உச்சரிப்புடன் ஒரு தாளில் எழுதித் தருவது பெரிய உதவியாகும். அத்துடன் தடுப்பூசி அட்டையும், உணவு வேளைக் குறிப்பும், எதைக் கண்டு அஞ்சும் என்ற விவரமும் செல்லவேண்டும். 1957ஆம் ஆண்டின் டில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399ஆம் பிரிவு நாய்களைப் பதிவு செய்ய வழி வகுத்துள்ளது. அப்பதிவையும் கழுத்துப்பட்டையிலுள்ள தொலைபேசி எண்ணையும் புதியவர் பெயருக்கு மாற்றுவது அவசியம். புதிய வீட்டில் சேர்ந்த முதல் வாரங்களில் கதவு திறந்திருந்தால், நாய் பழைய வீட்டைத் தேடி ஓடுவது இயல்பு.