கீதாரி கண்ணில் படும் முதல் காய்ச்சல்

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் போனால் மானாவாரிக் காடு. மழை பொய்த்த வருடத்தில் பருத்தி கைவிடும், உளுந்து கைவிடும். ஆடு மட்டும் சீமைக்கருவேல நெற்றைத் தின்று நிற்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு உருப்படி எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும். அந்த ஆட்டையும் வாரிக்கொண்டு போகும் நோய் ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர்கள் அதை ஆட்டுக்கொல்லி நோய் என்கிறார்கள். அடுத்த பெருந்தொற்றுக்கு எப்படித் தயாராவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த நோயின் கதையைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான்: 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். நாற்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்க்குள் புண், பிறகு கழிச்சல், மூச்சிரைப்பு. இதற்குமுன் இந்தக் கிருமியைப் பார்க்காத மந்தையில் பாதிக்கும் மேல் செத்துவிடலாம். மனிதரை இது தொடுவதில்லை. ஆனால் இதன் நெருங்கிய உறவுகள் இரண்டு: மாடுகளைக் கொன்ற வெக்கை நோய், நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை. வெக்கை நோயின் மூதாதையிலிருந்து தட்டம்மை பிரிந்து ஏறக்குறைய 2,500 ஆண்டுகள் இருக்கலாம் என்று 2020இல் வெளியான மரபணு ஆய்வு கணித்தது. மந்தையில் இருந்த கிருமி மனிதக் கூட்டத்துக்குள் வந்து நிலைத்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வெக்கை நோயை உலகம் ஒழித்தே விட்டது. 2011இல் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் பூமியிலிருந்து துடைக்கப்பட்ட இரண்டாவது தொற்று அதுதான். இந்தியாவில் 1954 முதல் ஊசி போட்டும் அது எங்கோ ஒளிந்துகொண்டே இருந்தது. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், கிருமி எங்கே மிச்சமிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. ஆகவே கடைசிக் கட்டத்தில் துணிந்து ஊசியை நிறுத்தினார்கள். பிறகு ஊர் ஊராகவும், மாடு ஓட்டிப்போகும் பாதைகளிலும் தேடினார்கள். நாட்டின் கடைசி நோய்க்கிளர்ச்சி 1995இல் தமிழ்நாட்டில் பதிவானது. ஊசி இருந்ததால் மட்டும் கிடைத்த வெற்றி இல்லை. தேடிப் போன கால்களுக்கும் அதில் சரிபாதி உண்டு.

ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிப்பது உலக இலக்கு. முடியாத காரியம் அல்ல. இந்தக் கிருமியில் ஒரே ஊசிக்கு அடங்காத பல வகைகள் இல்லை. பிழைத்த ஆடு காலமெல்லாம் கிருமியைச் சுமந்து திரிவதில்லை. உடம்பை விட்டு வெளியே வந்தால், நம் ஊர் வெயிலில் அதிக நேரம் தாங்காது. அரசூரில் கிடைத்த கிருமியையே ஆய்வகச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ஒரு தடவை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காக்கும். அப்படியிருந்தும் 2024 கோடையில் கிரீஸிலும் ருமேனியாவிலும் இந்த நோய் தலைகாட்டியது.

காரணம் ஆடுகளின் நடமாட்டம். திருச்சுழிச் சீமையில் அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போடுவது பழைய தொழில். கிடையை நடத்துபவர் கீதாரி. மேய்ச்சல் வற்றியதும் கிடை தஞ்சாவூர்ச் சீமை வரை வலசை போகும். வழியில் பல ஊர் ஆடுகள் ஒரே கண்மாயில் தண்ணீர் குடிக்கும். நோய் வெளிப்படையாகத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆடு கிருமியைத் தும்மத் தொடங்கிவிடும். தடுப்பூசி முகாமோ ஊர்க் கணக்குப்படி நடக்கிறது. முகாம் நாளில் ஊரில் இல்லாத கிடை கணக்கிலும் இல்லை. நம் ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

மனித நோய்க்கும் இந்தப் பாடம் பொருந்தும். 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் விலங்குகள் கடுமையாக இருமின. பண்ணையாட்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். நிபா என்ற புதிய கிருமி என்று தெரிவதற்குள் மாதங்கள் ஓடின. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பன்றிகளின் இருமலை முதலில் கேட்டது பண்ணையாள். அந்தச் செய்தி ஆய்வகம் வரை போகவில்லை.

நம்மிடம் அந்தக் காது இருக்கிறது. எந்த ஆடு மேய்ச்சலில் பின்தங்குகிறது, எது தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது என்பதைக் கீதாரி முதல் நாளே பார்த்துவிடுவார். அவர் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தால், மூக்கு ஒழுக்கைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்ப ஒருவர் அன்றே வர வேண்டும். முடிவை அவருக்கே திரும்பச் சொல்லவும் வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த தடவை அழைக்க மாட்டார். சந்தையில் வாங்கிய ஆட்டையும், விலைபோகாமல் திரும்பிய ஆட்டையும் மூன்று வாரம் தனியே கட்டுவது வீட்டுக்காரர் வேலை. குட்டிக்கு நாலு மாதம் ஆகுமுன் ஊசி போட்டால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே அதை வீணாக்கிவிடலாம். வலசை புறப்படும்போது அந்த வயது நிரம்பாத குட்டிகளுக்குப் போய்ச் சேரும் ஊரில் ஊசி கிடைக்க வேண்டும். கீதாரியின் கைபேசி எண்ணும், கிடை போகும் பாதையும் இரு மாவட்டக் கால்நடை மருத்துவர்களிடமும் இருந்தால் அது நடக்கும்.