வைஃபை சிப்புக்குள் இல்லாத மென்பொருள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த கூடுதல் அவகாசம் 2026 அக்டோபர் 13ஆம் தேதியோடு முடிகிறது. வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே நின்றுவிட்டது. அதன் பிறகு, வீட்டுப் பயனர்களில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட். இந்தக் கணினிகளுக்கு வயதாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்பதுதான் நிறுவனம் மக்களுக்குச் சொல்லும் யோசனை. ஆனால் பல வீடுகளில் அந்தக் கணினிகள் நன்றாகத்தான் ஓடுகின்றன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அவற்றில் இல்லை, அல்லது பிராசஸர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. குறை அவ்வளவுதான். லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். மாறிய கையோடு நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள்: "லினக்ஸ் போட்டாச்சு சார், ஃபோன் ஹாட்ஸ்பாட் மட்டும் பிடிக்கமாட்டேங்குது."

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே, மின்சார ரயில் நின்று போகும் மணவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் தோழி ஒருத்தி பென் டிரைவ் வைத்து லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. மாலையில் அம்மா வேலை முடிந்து வந்தால்தான் ஃபோன், அதன் ஹாட்ஸ்பாட்தான் நெட். "வைஃபை என்ற பகுதியே திரையில் இல்லை. டிரைவரை டவுன்லோடு செய்யுங்கள் என்கிறார்கள். நெட்டே வராத லேப்டாப்பில் டிரைவரை எப்படி டவுன்லோடு செய்வது?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இதைக் கேட்க வேண்டிய நிலைக்கு ஒரு மாணவி ஏன் தள்ளப்படுகிறாள் என்பதையும் சேர்த்துத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அரசு லேப்டாப் திட்டம் தொடங்கியதே அவர் ஊருக்குப் போகும் அதே ரயில் பாதையில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போதுதான் லினக்ஸ் கட்டாயத் தேவையாகிறது.

"ஹாட்ஸ்பாட் பிடிக்கவில்லை" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. லேப்டாப்பில் வைஃபையே உயிர்பெறாமல் இருக்கலாம். வைஃபை வேலை செய்தும், பக்கத்து வீட்டு ரூட்டர் தெரிய, நம் ஃபோன் மட்டும் தெரியாமல் இருக்கலாம். ஃபோனோடு இணைந்தும் நெட் வராமல் போகலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் லினக்ஸை அழித்து மறுபடி போடுவதால் ஒரு பயனும் இல்லை.

மணவூர் மாணவிக்கு இருப்பது முதல் வகை. முதலில் எளிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். சில லேப்டாப்புகளில் வைஃபையை அணைக்கப் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும், அல்லது எஃப்என் விசையோடு அழுத்தும் ஒரு விசை இருக்கும். டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடித்தால், தடை சுவிட்சில் இருக்கிறதா மென்பொருளில் இருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். இரண்டுமே இல்லை என்று வந்தால் அடுத்து 'சுடோ டிஎம்இஎஸ்ஜி' அடியுங்கள். லினக்ஸின் மையமான கர்னல் எழுதிவைத்த நாட்குறிப்பு ஓடும். அதில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்' என்று தொடங்கி, நடுவே ஒரு கோப்பின் பெயர் வந்து, 'ஃபெய்ல்டு வித் எரர் மைனஸ் 2' என்று முடியும் வரி இருக்கிறதா பாருங்கள். மைனஸ் 2 என்றால் கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். நோய் இதுதான்.

ஃபர்ம்வேர் என்பது சாதனத்துக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட மென்பொருள் என்று கணினிப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இன்றைய வைஃபை சிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது. அந்தச் சிப் தனக்கென்று பிராசஸரும் நினைவகமும் கொண்ட ஒரு தனிக் குட்டிக் கணினி. ஆனால் அதை இயக்கும் மென்பொருள் அதற்குள் இல்லை. அதை நிரந்தரமாகச் சேமிக்க ஒரு ஃபிளாஷ் மெமரி தனியாக வைக்க வேண்டும், அதற்குச் செலவாகும். ஆகவே தயாரிப்பாளர்கள் அந்த வேலையை இயங்குதளத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு முறை லேப்டாப்பை ஆன் செய்யும்போதும், லினக்ஸ் கர்னல் தன் ஹார்டு டிஸ்க்கில் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, சிப்புக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றும்வரை சிப் வெறும் சிலிக்கான் துண்டுதான். ஹாட்ஸ்பாட்டைத் தேடக்கூட அதற்குத் தெரியாது. ஆன் செய்தவுடன் சில நொடிகளில் விண்டோஸிலும் இதே ஏற்றம் நடக்கிறது. கோப்பை நிறுவனமே முன்கூட்டி வைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

லினக்ஸின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இந்த ஃபர்ம்வேர் கோப்பில் அந்தச் சுதந்திரம் முழுதாக இல்லை. இன்டெல் தன் கோப்பைப் பகிர அனுமதிக்கிறது, பிரித்துப் பார்க்க அனுமதிப்பதில்லை. பிராட்காம் நிறுவனத்தின் பழைய சிப்புகள் சிலவற்றுக்கு நிலைமை இன்னும் மோசம். கோப்பைப் பகிரவே அனுமதி இல்லாததால், லினக்ஸ்காரர்கள் 'பி43 எஃப்டபிள்யூ கட்டர்' என்று ஒரு கருவி எழுதினார்கள். இணையத்திலிருந்து இறக்கிய பிராட்காமின் சொந்த டிரைவரின் வயிற்றிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுத்துத் தரும் கருவி அது. அதாவது, வைஃபை வேலை செய்ய நெட் வேண்டும். நெட் வர வைஃபை வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இந்த ஃபர்ம்வேரை ஏன் மூடி வைக்க வேண்டும்? வைஃபை சிப் ஒரு ரேடியோ. அதன் அலைவரிசைக்கும் சக்திக்கும் அரசு வரம்பு வைத்திருக்கிறது. நிரலைத் திறந்துவிட்டால் ஆளாளுக்கு வரம்பு மீறுவார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இந்தக் காரணத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. ஏதராஸ் நிறுவனத்தின் ஏடிஎச்9கே வகைச் சிப்புகள் இப்படி எந்தக் கோப்பையும் கேட்காமலே, முழுக்கத் திறந்த டிரைவரோடு ஆண்டுக்கணக்கில் விற்றன. அதே குடும்பத்தின் யுஎஸ்பி சிப்புகளுக்கான ஃபர்ம்வேரை 2013இல் நிறுவனமே திறந்துவிட்டது. 2016இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், அளவுக்கு மீறிய சக்தியில் இயங்க வழி வைத்த ரூட்டர்களுக்காக டிபி-லிங்க் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கை முடித்த உடன்பாட்டில், வெளியார் எழுதும் திறந்தமூல ஃபர்ம்வேருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வரம்பையும் காக்கலாம், நிரலையும் திறக்கலாம் என்று ஒழுங்குமுறை அமைப்பே ஒப்புக்கொண்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

மூடி வைத்தால் பாதுகாப்பு கூடும் என்பதும் உண்மையல்ல. 2017இல் 'பிராட்ப்வன்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை வெளியானது. பிராட்காம் வைஃபை சிப்பின் ஃபர்ம்வேரில் இருந்த பிழை அது. ஃபோன் வைத்திருப்பவர் எதையும் தொடாமலே, அருகில் இருக்கும் ஒருவர் வைஃபை அலை வழியாக அந்தச் சிப்பைக் கைப்பற்ற முடிந்தது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுமே சிக்கின. பிழையைத் திருத்தும் உரிமை நிறுவனத்திடம் மட்டும் இருந்ததால், அதன் அப்டேட்டுக்குக் காத்திருப்பது தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்டேட் நின்றுபோன பழைய சாதனங்களுக்கு அதுவும் இல்லை.

லினக்ஸ் உலகத்துக்குள்ளும் இது தீராத சண்டை. டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழு, கொள்கைப் பிடிப்போடு, மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்க நெடுங்காலம் மறுத்துவந்தது. கொள்கை சரி. ஆனால் அதன் பாரம் விழுந்தது மணவூர் மாணவி போன்றவர்கள் மீது. இன்னொரு கணினியும் இன்னொரு இணைப்பும் உள்ள வீட்டுக்கு அது ஒரு தொல்லையே இல்லை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி டெபியன் வழியை மாற்றிக்கொண்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் உள்ளேயே வருகிறது. அதற்கு முந்தைய பென் டிரைவைக் கொண்டு போட்டவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். பாஸ் லினக்ஸைச் சுதேசி இயங்குதளம் என்று அரசு பெருமையோடு சொல்கிறது. இந்திய மொழிகளுக்காக நிஜமாகவே உழைத்திருக்கிறார்கள். ஆனால் வைஃபை உயிர்பெற வேண்டுமானால் அதற்கும் சிப் தயாரித்த நிறுவனத்தின் மூடிய கோப்புதான் வேண்டும். சுதேசி என்று விளம்பரப்படுத்தும்போது இதையும் மாணவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

சரி, வழி என்ன? ஹாட்ஸ்பாட்டை மறந்துவிட்டு வயரை எடுங்கள். ஃபோனை லேப்டாப்பில் யுஎஸ்பி வயரால் இணைத்து, ஹாட்ஸ்பாட் இருக்கும் அதே செட்டிங் பக்கத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். வயர் இணைந்தால்தான் அந்தப் பட்டன் உயிர்பெறும். ஆன் செய்தவுடன் ஃபோன் தன்னை ஒரு சாதாரண ஈதர்நெட் கார்டாக லேப்டாப்பிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பல ஃபோன்கள் இதற்குப் பயன்படுத்தும் ஆர்என்டிஐஎஸ் என்ற முறையை வகுத்தது மைக்ரோசாஃப்ட்தான். லினக்ஸ் கர்னல் அதைக் கற்றுக்கொண்டு பல ஆண்டுகளாகிறது. தனி டிரைவர் வேண்டாம், ஃபர்ம்வேர் கோப்பு வேண்டாம். ரேடியோ வேலை முழுவதும் ஃபோனுக்குள் நடந்துவிடுவதால் லேப்டாப்புக்கு வருவது வெறும் தகவல் மட்டும். திரையில் 'வயர்டு' இணைப்பு என்று தோன்றும். ஃபோன் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் வேறு வைஃபையில் இருந்தாலும் இதே வயர் வழியாகப் பகிர்ந்துகொள்ளும்.

ஒன்றில் மட்டும் கவனம். மின்சார ரயிலில் கூவி விற்கும் மலிவு வயர்கள் சிலவற்றில் சார்ஜுக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டாவுக்கான இரண்டு கம்பிகள் இருக்காது. சார்ஜ் ஏறுகிறது, டெதரிங் பட்டன் மங்கலாகவே கிடக்கிறது என்றால் வயரை மாற்றுங்கள்.

நெட் வந்ததும் 'எல்எஸ்பிசிஐ' அடித்து எந்த நிறுவனத்தின் வைஃபை சிப் என்று பாருங்கள். அரசு லேப்டாப்புகள் ஆண்டுக்கு ஆண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. உபுண்டு வகை லினக்ஸில் பிராட்காம் சிப் என்றால் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கம் போனால் போதும். டெபியன் வகையில், சுதந்திரமற்ற ஃபர்ம்வேர் தொகுப்பை முதலில் திறந்துவிட்டு, இன்டெல், ரியல்டெக், ஏதராஸ் என்று நிறுவனவாரியாகப் பிரித்திருக்கும் ஃபர்ம்வேரில் உங்களுக்கானதை மட்டும் நிறுவுங்கள். மொத்தத் தொகுப்பும் சில நூறு எம்பி. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் குடும்பமே ஓடும் வீட்டில் அது பெரிய செலவு. நிறுவிய பின் லேப்டாப்பை முழுதாக அணைத்து ஆன் செய்யுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும் லேப்டாப்பில் கோப்பு இருந்தும் வைஃபை வரவில்லை என்றால், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மீது சந்தேகப்படலாம். அது ஆனாக இருந்தால் ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் பாதி உறக்கத்தில் சிப்பை ஒரு நிலையில் விட்டுப்போக, லினக்ஸால் அதை எழுப்ப முடியாமல் போகிறது. விண்டோஸின் பவர் செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள்.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக:

பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, என் ஃபோன் தெரியவில்லை? ஃபோன் 5 கிகாஹெர்ட்ஸில் பரப்பலாம், பழைய லேப்டாப்புக்கு 2.4 மட்டுமே கேட்கலாம். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4க்கு மாற்றுங்கள், ஐஃபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது? ஹாட்ஸ்பாட் பாதுகாப்பு டபிள்யூபிஏ3இல் இருக்கலாம், டபிள்யூபிஏ2 ஆக்குங்கள்.

இணைகிறது, கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகிறது? நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை பவர் சேவ் மதிப்பு 3 என்று இருந்தால் 2 ஆக்குங்கள், சிப் தூங்குவது நிற்கும்.

இணைந்திருக்கிறது, நெட் இல்லை? ஃபோனிலேயே நெட் வருகிறதா என்று முதலில் பாருங்கள், பேக் தீர்ந்திருக்கலாம்.

திருத்தணியைத் தாண்டி நகரி பக்கம் போனால் மட்டும் நெட் நிற்கிறது? ஃபோன் ஆந்திர டவரைப் பிடித்திருக்கலாம், டேட்டா ரோமிங்கை ஆன் செய்து பாருங்கள்.

லினக்ஸ் அப்டேட் என் அன்றாட டேட்டாவைத் தின்றுவிடுமா? ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் இணையும்போதே இது அளவுக்குட்பட்ட டேட்டா என்று லேப்டாப்புக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறது, நெட்வொர்க் மேனேஜர் அதைப் படித்துக்கொள்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிக்கும் என்று நம்பாமல் தானியங்கி அப்டேட்டை நீங்களே அணைத்து வையுங்கள்.

ஐஃபோனில் யுஎஸ்பி டெதரிங் உண்டா? உண்டு, 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்'டை ஆன் செய்து, வயரைச் செருகியதும் ஃபோன் திரையில் கேட்கும் 'டிரஸ்ட்' அனுமதியைக் கொடுத்துவிட வேண்டும்.