பட்டமும் நூலும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி டம்ளரும் கையுமாக நான் உட்கார்ந்த சமயம், எதிர் வீட்டு அம்மாள் உள்ளே வந்தார். அவருடைய ஒரு கையில் வீட்டுப் பத்திரம். மறு கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு கல்லூரியின் விளம்பரப் புத்தகம். பின்னால் அவருடைய பெண், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இவள் பி.காம். கடைசி வருஷம் போகப் போகிறாள். அது முடிந்ததும் எம்.பி.ஏ. சேர்த்துவிட வேண்டும். பத்து லட்சம் ஆகுமாம். பத்திரத்தை வங்கியில் வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கல்லூரி பெரிய இடம்! கட்டடமெல்லாம் ஒரே கண்ணாடி!" என்றார்.

கணவரை இழந்த பிறகு, நாலு பேருக்குச் சமைத்துப் போட்டுப் பெண்ணை வளர்த்தவர் அவர். பதினைந்து வருஷ அடுப்பு வெக்கையில் மீட்ட பத்திரம் அது. "பேஷாய்ச் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பென்சிலும் காகிதமும் எடுத்தேன்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

பத்து லட்சம் கடன். நூற்றுக்குப் பத்து வட்டி. ஏழு வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் ரூ.16,600 கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய ரூ.13,95,000 ஆகியிருக்கும். படிக்கும் காலத்து வட்டி வேறே.

இதோடு தீர்ந்ததா? இல்லை. பி.காம். முடித்த கையோடு பெண் வேலைக்குப் போய், மாதம் 20,000 ரூபாய் சம்பாதிப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு வருஷத்தில் ரூ.4,80,000 வரும். எம்.பி.ஏ. படித்தால் அது வராது. வராத பணமும் செலவுதானே? ஆக மொத்தம் ரூ.18,75,000!

"ஐயையோ! அப்படியானால் எம்.பி.ஏ. படிப்பே வேண்டாமா?" என்றார் அம்மாள்.

அப்படிச் சொல்வேனா? கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961-ல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகங்கள் இருக்கின்றன. நம் திருச்சியிலேயே 2011-ல் ஒன்று வந்துவிட்டது. இவற்றில் சேர 'கேட்' பரீட்சையில் நல்ல மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர, அண்ணா பல்கலைக் கழகம் நடத்தும் 'டான்செட்' பரீட்சை இருக்கிறது.

எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. போன வருஷம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? என்ன வேலை? நடுத்தர மாணவருக்கு என்ன சம்பளம்? முதல் மாணவரின் சம்பளத்தை அவர்களே கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்கள். நடு வரிசைக்காரரின் சம்பளத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெண் வாய் திறந்தாள்

இவ்வளவு நேரமும் பேசாதிருந்த பெண்ணைப் பார்த்து, "கடைசி வருஷத்துக்கு என்ன விருப்பப் பாடம் எடுக்கப் போகிறாய், அம்மா?" என்று கேட்டேன்.

"தோழிகள் எடுப்பதைத்தான், அண்ணா. சுலபமாய் இருக்குமாம்" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அடக்கவிலைக் கணக்கியலில் ஒரு பேப்பர் அரியர் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை" என்றாள்.

அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன்: "கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டை அடகு வைத்த பிறகு தெரிவதைவிட, இன்று தெரிந்தது எவ்வளவோ மேல்!"

உள்ளபடிக்கு, வணிகப் பட்டத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, எரிவாயு, கூலி என்று என்ன அடக்கம் ஆகிறது, என்ன விலை வைத்தால் கட்டும் என்று எதிர் வீட்டு அம்மாள் தினமும் மனத்துக்குள் போடுகிற கணக்குத்தான் அடக்கவிலைக் கணக்கியல். அதை விட்டுவிட்டு, கண்ணாடிக் கட்டடத்தில் போய் நிர்வாகம் படித்து என்ன பயன்?

மூவருமாகச் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். முதல் வேலை, அரியரைத் தீர்ப்பது. அதற்குத் தினம் ஒரு மணி. அடுத்தது விருப்பப் பாடம். சுலபமா என்று பார்க்காமல், சம்பளம் கொடுப்பவருக்கு எது வேண்டும் என்று பார்த்து எடுப்பது. வருமான வரி, தணிக்கை, புள்ளியியல் எல்லாம் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் சோறு போடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, அது தெரிந்தவர்கள் சின்னக் கடைக்கும் வேண்டியிருக்கிறார்கள். மூன்றாவதாக, விடுமுறையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து, 'டாலி'யில் கணக்கு எழுதப் பழகுவது.

இன்னொரு வழியும் உண்டு. பி.காம். படிப்பில் நூற்றுக்கு 55 வாங்கினால், சி.ஏ. படிப்பின் இடைநிலைக்கு நேரே போகலாம். தேறுவது கஷ்டம், ஆனால் வீட்டுப் பத்திரத்துக்கு வேலை இல்லை. பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகையும் உண்டு.

"பெண்களுக்கு அது சரிப்படுமா?" என்று அம்மாள் இழுத்தார். நம் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்த ஆர். சிவபோகம் அம்மையாரின் கதையைச் சொன்னேன். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-லேயே தேர்ச்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் ஆனார். அன்று சரிப்பட்டது இன்று சரிப்படாதா?

எம்.பி.ஏ. எங்கும் ஓடிவிடாது. இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்து, எந்தத் துறை தனக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகலாம். கடனும் குறையும், வகுப்பில் சொல்வதும் விளங்கும்.

அம்மாள் எழுந்தார். விளம்பரப் புத்தகம் என் மேஜைமேலேயே கிடந்தது; பத்திரத்தை மட்டும் முந்தானையில் சுற்றிக்கொண்டார். வாசல்வரை போன பெண் திரும்பி வந்து, "அந்தக் கணக்குக் காகிதத்தை நான் எடுத்துக்கொள்ளட்டுமா, அண்ணா?" என்றாள்.

தாய்மார்களே! பட்டம் உயரப் பறப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அதைத் தாங்குவது நூல். குழந்தைகள் வாங்கப் போகும் பட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் கையில் என்ன நூல் இருக்கிறது என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.