மூன்றாந் தரப்புக் காப்புறுதி

தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் நகரை அடைந்து, பாலங் கடந்து மதவாச்சிக்குச் செல்லும் ஏ-14 நெடுஞ்சாலையில் மீன் லொறிகளும் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அதே வீதியில் விடியுமுன் கரைக்குச் செல்லும் கடற்றொழிலாளரும், பாடசாலைப் பிள்ளைகளும் நடந்தும் சைக்கிளிலும் செல்கின்றனர். இவர்களுள் ஒருவர் வாகனத்தால் மோதுண்டால் அவருடைய குடும்பத்தின் கதி யாது? அதற்குச் சட்டம் வகுத்த வழியே மூன்றாந் தரப்புக் காப்புறுதியாகும்.

வாகன உரிமையாளர் முதலாந் தரப்பினர். காப்புறுதிக் கம்பனி இரண்டாந் தரப்பு. இவ்விருவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பற்றி ஏதும் அறியாது வீதியில் செல்பவரே மூன்றாந் தரப்பினர். பணம் கட்டுபவர் ஒருவர், பயனடைபவர் வேறொருவர். இதுவே இதன் சிறப்பு.

மோதிய வாகனத்தின் உரிமையாளர் வறியவராயின், நீதிமன்றத் தீர்ப்பு வெறுந்தாளாகவே எஞ்சும். இக்குறையை நீக்க இங்கிலாந்து 1930ஆம் ஆண்டில் இக்காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் 1938ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்க் கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்வேற்பாடு, பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்ந்தது. காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாதவருக்கு ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஒரு வள்ளம் கவிழ்ந்தால் ஊர் கூடிக் கைகொடுப்பது போல, எல்லா வாகனகாரரும் கட்டும் சிறு தொகைகள் சேர்ந்து ஒருவரால் நேர்ந்த பெருந்துன்பத்தைத் தாங்குகின்றன.

எனினும் இதன் எல்லையை அறிதல் வேண்டும். சட்டம் கட்டாயமாக்கியது மனிதரின் உயிரிழப்பையும் உடற்காயத்தையும் பற்றிய பொறுப்பையே. மன்னார் வீதிகளில் திரியும் கழுதையொன்று அடிபட்டாலோ, வீட்டு மதில் இடிந்தாலோ இக்கட்டாயம் அவற்றைச் சாராது. உரிமையாளர் தம் சொந்த வாகனத்தின் சேதத்திற்கு வேறு காப்புறுதி எடுத்தல் வேண்டும்.

நட்டஈடு தானாக வீடு தேடி வருவதுமன்று. நீதிமன்ற வழியில் நட்டஈடு கோருவோர் சாரதியின் கவனயீனத்தை நிரூபித்து மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பாணை பெறுதல் வேண்டும். சட்டங் கூறும் வரையறைகளுக்கு அமைய, அத்தொகையைக் கம்பனியே செலுத்தும். வழக்குத் தொடருமுன், அல்லது தொடர்ந்து ஏழு நாள்களுக்குள், அதுபற்றிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. விபத்து நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரப்படல் வேண்டும் என்பது காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி.

பலர் இடறி விழுமிடம் இதுவே. பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் சாரதிமீது தொடுக்கும் வழக்கையே நட்டஈட்டு வழக்கென்று எண்ணிக் காத்திருப்பர். அங்கு விதிக்கப்படும் தண்டப்பணமோ அரசைச் சேரும். அவ்வழக்கு முடியட்டும் என்று இருக்கையில் ஈராண்டு கழிந்துவிடும். வேறு சிலர், ஈமச் செலவுக்கென்று நீட்டப்படும் சிறு தொகையைப் பெற்று, இனி உரிமை கோரோம் என்று எழுதிய தாளில் வாசியாமலே கையொப்பமிட்டுவிடுவர்.

ஆதலின் விபத்து நேர்ந்தால் செய்யத்தக்கன சில. வாகன இலக்கத்தையும், சான்றிதழிலுள்ள கம்பனியின் பெயரையும் குறித்துக்கொள்ளுதல். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிவு செய்தல். வைத்தியசாலைப் பத்திரங்களையும், கண்டோரின் பெயர்களையும் பேணுதல். காலந் தாழ்த்தாது சட்டத்தரணி ஒருவரை நாடுதல். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். மோதிய வாகனம் இன்னதென்று அறியப்படாதபோது வீதிப் பாதுகாப்பிற்கான தேசிய சபையிடம் நட்டஈடு கோரவும் இடமுண்டு.

வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய சிறு தாளைப் பொலிஸாருக்குக் காட்டும் பத்திரமென்றே பலரும் கருதுகின்றனர். அது வீதியோரம் நடந்து செல்பவரின் உரிமைப் பத்திரமுமாகும் என்பதை வண்டி ஓட்டுவோரும் நடந்து செல்வோரும் ஒருங்கே உணர்தல் நன்று.